பெல்லுக்குக் குடுத்த போட்டோ

பெட்டி மேல கால் படாமப் பாத்துக்க கண்ணு. இல்ல இல்ல, மேல வெக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா அவனவன் மூட்டையைத் தூக்கி இதும் மேல போட்டுருவான். அந்தக் கண்டக்டரு ஏறும்போதே கேட்டாரு, இதுக்கு லக்கேஜ் போடோணுமேன்னு. ஏனுங்க, இதென்ன ஆட்டுக்குட்டியான்னு கேட்டேன். டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

உள்ள என்னன்னுதான பாக்கறே? காலிங் பெல்லு. சிரிக்காத. ஒரு காலிங் பெல்லு வாங்கறதுக்கு ஈரோட்ல இருந்து கோயமுத்தூருக்கு வந்துட்டுப் போறாளே இந்தப் பொம்பளைன்னு நெனைப்பே. மூணு வாரமாத் தேடறேன் கண்ணு. ஈரோட்ல ஒரு கடை பாக்கியில்ல. அத்தனை பேரும் ஒரே மாதிரி எடுத்துக் காட்றாங்க. பேட்டரி போட்டது, நெட்ல ஓடறது. ஆரு வந்தாலும் உங்க போன்ல தெரியும்மா, அமெரிக்காவுல இருந்துகூடப் பாக்கலாம்மா அப்படிங்கறாங்க. எனக்கு அமெரிக்காவுல இருந்து ஆரும் பாக்க வேண்டாஞ்சாமி. கேட்டுக்கு வெளிய நின்னு அடிச்சா ஊட்டுக்குள்ள கேக்கோணும். அவ்வளவுதான் கேக்கறேன். அதுக்கு இந்தக் காலத்துல இத்தனை பாடு.

எங்கூட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குது. எம்மகன் மாட்டினது. பிரகதீசு, கனடாவுல இருக்கறான். நல்ல பையன், அவனைக் குத்தம் சொல்லக்கூடாது. போன ஆடி மாசம் எங்கூட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது பக்கம் பூராப் போயிருச்சு. பேச்சும் போச்சு. ஈரோட்ல பாதிப் பேருக்குக் கல்யாணப் பத்திரிகை அடிச்சுக் குடுத்த மனுசன், அச்சாபீசு வெச்சிருந்தாரு, நாள் பூராப் பேசிட்டே இருப்பாரு. இப்ப ‘ங்ங’ங்கறதைத் தவுத்து ஒரு சத்தமில்ல.

பையன் ஆவணியில ஓடி வந்தான். மூணு வாரம் லீவு. அந்த மூணு வாரமும் உக்காரலை கண்ணு. ஊடு பூரா என்னென்னமோ மாட்டினான். டிவிக்குக் கீழ ஒரு சின்ன டப்பா. லைட்டு, ஃபேனு, தண்ணி மோட்டாரு, கேட்டுப் பூட்டு, எல்லாம் அந்த டப்பா சொன்னாத்தான் கேக்கும். அவிங்கப்பனுக்கு இடது கை ஆடுமல்ல, அந்தக் கைக்கு எட்டற மாதிரிக் கட்டில் கம்பியில ஒரு பட்டனைக் கட்டி உட்டான். ஒரு தாட்டி அமுக்குனா லைட்டு. ரெண்டு தாட்டி அமுக்குனா ஃபேனு. அமுக்கிட்டே இருந்தா சமையக்கட்டுல எனக்கு மணி அடிக்கும். எவ்வளவு யோசனை பாரு. பெத்தா இப்படிப் பெக்கோணும்னு எல்லாரும் சொன்னாங்க.

வாசல்ல இதுக்கு முன்னால குருவி கத்தற பெல்லுதான் இருந்துது. அதைக் கழட்டிட்டு இந்தக் கேமராப் பெல்லை மாட்டினான். மாட்டிட்டு எங்கிட்டக் கேட்டான், அம்மா, இது மூஞ்சி பாத்து ஆள் தெரிஞ்சுக்கும், வேண்டாதவங்க வந்தா உள்ள அடிக்காம எனக்கு மட்டும் காட்டும், அப்பாவுக்கு அதிர்ச்சி ஆகக்கூடாது, அப்படி ஆராச்சும் இருந்தா போட்டோ குடும்மான்னான்.

குடுத்தேன்.

ஆர் போட்டோவா? சொல்றேன் இரு. தண்ணி வெச்சிருக்கறயா? ஒரு வாய் குடு.

எனக்கு ஒரு பொண்ணு இருக்கறா. கோகிலவாணி. நாலு வருசத்துக்கு முன்னால வேற ஆளுங்க ஊட்டுப் பையனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. லேப்ல ரத்தம் எடுக்கற வேலையாம் அவனுக்கு. ஊருக்கெல்லாம் பத்திரிகை அடிச்சவரு மகளுக்கு ஒரு பத்திரிகை இல்ல. ரிஜிஸ்டர் ஆபீசுல முடிச்சுட்டு மாலையோட வந்து வாசல்ல நின்னாங்க ரெண்டு பேரும். அவரு எந்திரிச்சாரு, உள்ள வரச் சொல்லத்தான் எந்திரிச்சாரு, எனக்குத் தெரியும். நான் முந்திக்கிட்டேன். நான் உசுரோட இருக்கற வரைக்கும் இந்தப் படியை மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ஆரு சொல்ல மாட்டாங்க? பெத்தவளுக்குக் கோவம் வராதா? நாலு நாள்ல சமாதானமாயிரும்னு நெனச்சுத்தான் சொன்னது. அவ திரும்பிப் பாக்காமப் போயிட்டா. அழுத்தக்காரி. ஆரு வயித்துல வந்துதோ அந்த அழுத்தம்.

அதனால அவன் கேட்டதும் அவ போட்டோவைத்தான் குடுத்தேன். பீரோவுக்குள்ள ஒண்ணே ஒண்ணு பத்திரமா வெச்சிருந்தேன். காலேஜுல கடைசி நாளு, என்ற கடுகுக் கலர் பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு எடுத்தது. இருக்கறதுலயே நல்ல போட்டோ. மூஞ்சி தெளிவா உழுந்திருக்குதும்மான்னு அவனும் சொன்னான். அவ வந்து, அவரு அவளைப் பாத்து உணர்ச்சிவசப்பட்டு மறுக்கா ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? அந்தப் பயந்தான். அவரு நல்லதுக்குத்தான குடுத்தேன். இல்லீங்கறயா?

புரட்டாசியில இருந்து ஒரு கூத்து. ஞாயித்துக்கெழமையானா, காலையில ஒம்போதரை பத்து மணிக்கு, இவரு அந்தப் பட்டனைப் போட்டு அமுக்குவாரு. லைட்டு எரியும், அணையும், எரியும், அணையும். ஃபேனு சுத்தும், நிக்கும். எனக்குச் சமையக்கட்டுல மணி விடாம அடிக்கும். நான் அந்நேரத்துல கறியை அடுப்புல வெச்சிருப்பேன், மிக்சி ஓடும், ஓடி வந்து என்ன வேணும்னு கேப்பேன். தண்ணியா? இல்ல. ஒண்ணுக்கா? இல்ல. முதுகு வலிக்குதா, பெரட்டிப் படுக்க வெப்பேன். சன்னலையே பாத்து ‘ங்ங, ங்ங’ம்பாரு. வெயில் அடிக்குதாக்கும்னு திரையை இழுத்து உடுவேன். கண்ணுல தண்ணி வரும் அவருக்கு. சித்த நேரம் கழிச்சு அடங்கிருவாரு. மத்த நாள்ல ஒண்ணுமில்ல, தங்கமா இருப்பாரு. ஞாயித்துக்கெழமை மட்டும் இந்த அழும்பு.

நாலாவது வாரம் எனக்குக் கோவம் வந்துருச்சு. ராவெல்லாம் முழிக்கறது நானு, அள்ளிக் கொட்டறது நானு. என்ன வெளயாட்டு இதுன்னு அந்தப் பட்டனைக் கழட்டி அலமாரி மேல வெச்சுட்டேன். அடுத்த ஞாயிறு கையில கட்டில் கம்பியைத் தட்ட ஆரம்பிச்சுட்டாரு. தட்டுத் தட்டுன்னு. நான் அந்தக் கையில ஒரு அடி போட்டேன் கண்ணு. அடிச்சேன். நாப்பது வருசத்துல அவரு என்னைய ஒரு வார்த்தை சுடு சொல் சொன்னதில்ல. ஆடற ஒரே கை. அந்தக் கையில அடிச்சேன்.

பொறு. அழுகல. கண்ணுல தூசி.

மார்கழியில எதுத்தவூட்டு டெய்லர் ரெஜினா ஜாக்கெட் குடுக்க வந்தா. குடுத்துட்டுப் போகாம நிக்கறா. ஏன்டின்னு கேட்டா, உங்களுக்குக் கல்லு மனசுக்கான்னா. பெத்த பொண்ணு ஒம்போது ஞாயிறு வந்து கேட்டுக்கு வெளிய நின்னுட்டுப் போச்சு, ஒரு நாளாவது திறந்தீங்களான்னா. ஆருடி வந்தது, எப்படி வந்தா, பெல்லே அடிக்கலியேன்னேன். பொண்ணு அமுக்குச்சே, நான் தையல் மெசின்ல உக்காந்து பாத்துட்டுத்தான இருந்தேன்னா. மொத நாள் பெல்லுக்குள்ள இருந்து பிரகதீசுத் தம்பி குரல் கேட்டுதாம். அம்மா உன்னைப் பாக்க மாட்டாங்க, சத்தம் போட்டுக் கூப்பிட்டு அப்பாவைக் கொன்னுராதேன்னுதாம். அதுக்கப்பறம் அவ கூப்பிடவே இல்லியாம். கேட்டைத் தட்டவும் இல்லியாம். வாரா வாரம் வந்து, பெல்லை ஒரு தாட்டி அடிச்சுட்டு, அரை மணி நேரம் நின்னுட்டுப் போயிருவாளாம். என்னடி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதான்னு கேட்டேன். நீங்க வேணும்னுதான் திறக்கலைன்னு நெனச்சேன்னு சொல்லிட்டா.

அவளுக்கு ஒரு ஸ்கூட்டி கண்ணு. காலேஜுக்குப் போறதுக்கு இவருதான் வாங்கிக் குடுத்தாரு. சைலன்சர்ல என்னமோ ஓட்டை, தெரு முனை திரும்பும்போதே தெரியும் அந்தச் சத்தம். எனக்குச் சமையக்கட்டுல கேக்கல. அவருக்குக் கேட்டுருக்குது. சன்னலோரம் படுத்திருக்கற மனுசனுக்கு மக வந்துட்டான்னு தெரிஞ்சிருக்குது. கேட்டைத் தொறன்னு சொல்ல வாயில்ல. பட்டனை அமுக்கியிருக்கறாரு. நான் வந்து திரையை இழுத்து உட்டேன். பட்டனைப் புடுங்கி அலமாரி மேல வெச்சேன்.

எனக்கு அப்பவும் நம்பிக்கை வல்ல. அந்தப் போட்டோவை எடுத்துட்டுப் போனேன். கேட்டுக்கு வெளிய நின்னு, போட்டோவை என்ற மூஞ்சிக்கு முன்னால புடிச்சுக்கிட்டுப் பெல்லை அமுக்குனேன். சத்தமில்ல. மறுக்கா அமுக்குனேன். சத்தமில்ல. போட்டோவைக் கீழ எறக்கிட்டு அமுக்குனேன். டிங் டாங்னு ஊடு பூராக் கேக்குது. தெருவுல போறவங்கெல்லாம் பாத்தாங்க, பாக்கட்டும். நாலு தாட்டி அப்படிப் பண்ணினேன். போட்டோவை வெச்சா ஊமை, எறக்குனா டிங் டாங். அதுக்குள்ள போன் வருது, எம்மகன் கனடாவுல இருந்து. ஏம்மா, வெளிய நின்னு என்ன வெளயாடறேன்னு கேக்கறான்.

அந்தப் போட்டோவை எடுத்துருடான்னு சொன்னேன். பாக்கறம்மா அப்படின்னான். மறாநாளும் கேட்டேன். நீதானம்மா குடுத்த, இப்ப அப்பா இருக்கற நெலமையில எதையும் மாத்த வேண்டாம், அவ வந்து அழுது அப்பாவுக்கு ஏதாச்சும் ஆனா ஆரு பாக்கறதுன்னான். அவன் சொல்றதும் ஞாயந்தான, நான் சொன்னதைத்தான் அவன் செஞ்சான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல. பெல்லுதான் கருமம் புடிச்ச பெல்லு. எல்லாம் அவன் போனுக்குள்ள இருக்குது, நான் இங்க இருந்து ஒண்ணும் பண்ண முடியாது. வாசல் என்றது, பெல்லு என்ற சுவத்துல இருக்குது, ஆரு வந்தாங்கன்னு எங்கயோ இருக்கறவங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்.

கழட்டி எறிஞ்சுட்டுக் குருவி பெல்லையே மாட்டக் கூடாதான்னு கேக்கறயா? கேட்டேன், எலெக்ட்ரீசியன் கிட்ட. அந்தக் குருவி கத்தறது அவரு ரூம்ல கேக்காதுங்களேன்னாரு. நான் கொல்லையில இருந்தேன்னா எனக்கும் கேக்காது. இனி ஒரு தாட்டி அவ வந்து நின்னு, நான் கேக்காம உட்டுட்டேன்னு வெய்யி. என்னால முடியாது சாமி. அடிச்சாக் கட்டில் பக்கத்து பல்பு எரியோணும், எதுத்தாப்பல இருக்கற டிவியில வாசல் தெரியோணும், எனக்குச் சமையக்கட்டுல மணி அடிக்கோணும். எனக்கு முன்னால அவருக்குத் தெரியோணும். நெட் போனாலும், மகன் தூங்குனாலும், ஆரு வேண்டாம்னாலும் அடிக்கோணும்.

அப்படி ஒண்ணு கெடைக்கல கண்ணு மூணு வாரமா. பேட்டரியில ஓடறதைக் காட்டறான் ஒருத்தன், சார்ஜ் தீந்து போய் அவ வந்த அன்னைக்கு அடிக்கலைன்னா? இன்னொருத்தன் காட்டுனது ஒயர் போட்டதுதான், ஆனா அந்தக் கம்பெனிக்காரன் கிட்டக் கேட்டுட்டுத்தான் அடிக்கும். ஒருத்தன், உங்க டப்பாவோட இது பேசாதுங்கம்மா, வேற டப்பா மாத்தோணும்னான். டப்பாவை மாத்துனா அவரு லைட்டு, ஃபேனு எல்லாம் போயிரும். வேண்டாம்னு வந்துட்டேன். அதுக்குள்ள டாக்டரு வந்து பாத்துட்டு என்னையத் தனியாக் கூட்டிட்டுப் போய், பாக்க வேண்டியவங்களை வரச் சொல்லிக் காட்டிருங்கம்மா, பத்து நாளோ பதினஞ்சு நாளோன்னாரு. அது நாலு நாளாச்சு.

இன்னைக்கு ரெஜினாவைக் காவலுக்கு உக்கார வெச்சுட்டு மொத பஸ்ஸப் புடிச்சேன். காந்திபுரத்துல ஒரு கடை. ஒரே ஒயர்ல கரண்டும் போகுது, படமும் வருதுன்னு இதை எடுத்துக் காட்டினாரு கடைக்காரரு. நெட் இல்லாம அடிக்குமான்னு கேட்டேன். அந்த மனுசன் நெட் ஒயரைப் புடுங்கிக் கீழ போட்டுட்டு, அமுக்குங்கம்மான்னாரு. அமுக்குனேன். அடிச்சுது. அவருகிட்டயும் எங்கூட்ல இருக்கற மாதிரியே ஒரு டப்பா இருந்துது, அதோட சேத்துக் காட்டினாரு. அந்தப் பக்கம் பல்பு எரிஞ்சுது. டிவியில என்ற மூஞ்சி. மூஞ்சி பாத்து ஆளை நிறுத்தற வசதியும் இதுல இருக்குதுங்கன்னு ஆரம்பிச்சாரு. வேண்டாஞ்சாமி, அதைக் காட்டவே காட்டாதீங்கன்னுட்டேன்.

அப்பறம் பையைத் தொறந்து அந்தப் போட்டோவை எடுத்து மூஞ்சிக்கு முன்னால புடிச்சுக்கிட்டு அமுக்குனேன்.

அடிச்சுது கண்ணு. கடைக்குள்ள நிக்கற அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி அடிச்சுது. பல்பு எரிஞ்சுது. டிவியில வாணி மூஞ்சி, கடுகுக் கலர் பட்டோட. நான் அந்தக் கடையில உக்காந்து அழுதேன். கடைக்காரரு பயந்து போய் டீ வாங்கியாந்து குடுத்தாரு.

நாளைக்குக் காலையில எலெக்ட்ரீசியன் வர்றேன்னுட்டாரு. மத்தியானத்துக்குள்ள மாட்டிருவோம். அதுக்கப்பறம் அவ எப்ப வந்தாலும் அடிக்கும்.

வருவாளான்னா? கார்த்திகையோட நின்னுட்டா. கடைசியா வந்த அன்னைக்கு ரெஜினாகிட்ட ஒரு சீட்டைக் குடுத்துட்டுப் போயிருக்கறா, அப்பாவுக்கு ரொம்ப முடியாமப் போனா ஒரு வார்த்தை சொல்லுங்கக்கான்னு. விலாசமும் போன் நம்பரும் எழுதியிருக்குது. போன் போட்டேன். ஒரு ரிங் போச்சு, கட் பண்ணிட்டேன். என்னான்னு பேசறது? அவ திருப்பிக் கூப்புடல. இந்த நம்பரு அவளுக்குத் தெரியாதா என்ன? சின்னதுல இருந்து இதே நம்பருதான்.

பட்டனைத் திருப்பிக் கட்டி உட்டுட்டேன் கண்ணு, ரெஜினா சொன்ன அன்னைக்கே. கையைப் புடிச்சு அது மேல வெச்சேன். மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேன். அவரு அமுக்கறதில்ல. லைட்டுக்கும் அமுக்கறதில்ல, எனக்கும் அமுக்கறதில்ல. இருட்டானா இருட்டுலயே படுத்திருக்கறாரு. ரெண்டு நாளாக் கஞ்சியும் எறங்கல.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். பஸ் ஏறும்போது நீ பெருந்துறை நிக்குமான்னு கேட்டயல்ல, அதைக் கேட்டுட்டுத்தான் உம்பக்கத்துல வந்து உக்காந்தேன். சன்னல் சீட்டு முன்னால காலியாத்தான் இருந்துது. இந்தா, இதுதான் அந்தச் சீட்டு. பாரு, பெருந்துறைதான. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ரெண்டாவது தெரு. உனக்குப் போற வழிதான. ஒரு எட்டுப் போய்ச் சொல்லிட்டுப் போயிரு சாமி. பெல்லை மாத்தியாச்சு, இப்ப வந்தா அடிக்கும்னு சொல்லு. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வரச் சொல்லு. அவ்வளவுதான்.

என்னது? நானே எறங்கறதா?

நல்லாச் சொன்னே போ. நான் எப்படி எறங்கறது? அம்மாதான் பெரியவ, அவதான் வரோணும். நான் போய் அவிங்க ஊட்டு வாசல்ல நிக்கறதா? அந்தப் பையன் வந்து கதவைத் தொறந்தா என்னன்னு பேசுவேன்? பேரைச் சொல்லிக் கூப்புட்டதில்ல நான் ஒரு நாளு. அன்னைக்கு மாலையோட நிக்கறான், அவன் மூஞ்சியக்கூட நிமிந்து பாக்கல. நீ சின்னப்புள்ள, உனக்கென்ன தெரியும். இன்னும் பெல்லே மாட்டல, அதுக்குள்ள எப்படி? மொதல்ல பெல்லை மாட்டோணும்.

ஏன் அப்படிப் பாக்கறே? நாளைக்கு வரைக்கும் அவரு இருக்க மாட்டாருங்கறயா? அதை ஏன் சொல்றே? வாயில நல்ல வார்த்தை வராதா உனக்கு?

சரி. நீ சொல்லல. நாந்தான் சொன்னேன்.

விசயமங்கலம் தாண்டிருச்சா? அடக் கடவுளே, இவ்வளவு சீக்கிரமா? இந்த டிரைவரு போற வேகத்தைப் பாரு, எங்க கொண்டு போய்ச் சேக்கறாரோ.

சொல்றேன் கேளு. கௌரவம் ஒண்ணுமில்ல கண்ணு. கௌரவமெல்லாம் அந்தக் கட்டில்லயே போச்சு. எனக்குப் பயம். அவ ஊட்லயும் இப்ப இந்த மாதிரிப் பெல்லு இருக்கும். இப்பத்தான் எல்லா ஊட்லயும் வெக்கறாங்களே. அவகிட்டயும் என்ற போட்டோ ஒண்ணு இருக்கும், போகும்போது அவ பிறந்த நாள் ஆல்பத்தைத் தூக்கிட்டுத்தான் போனா. நான் போய் அமுக்கி, உள்ள சத்தம் கேக்காமப் போனா? அவ உள்ள மிக்சி ஓட்டிட்டு இருக்கறா, நான் வெளிய நிக்கறேன், ஒண்ணுமே அடிக்கல. அப்ப நான் என்ன பண்ணுவேன்? ஒம்போது தாட்டி நின்னா அவ. எனக்கு ஒரு தாட்டி நிக்கத் தெம்பில்ல.

கண்டக்டரு விசில் அடிக்கறாரு. பெருந்துறை, பெருந்துறைன்னு கத்தறாரு. இருங்கய்யா, ஆள் எறங்கோணும்! பொம்பளைங்க எறங்கறது தெரியல? ஈரோட்டுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், அதுக்கென்ன இப்ப? இங்கயே எறங்கறேன், உங்களுக்கு நட்டமா?

இந்தப் பெட்டியைப் புடி கண்ணு. என்ற கையையும் புடிச்சுக்க. எங்கூட வா. அந்தத் தெரு வரைக்கும் வா, அவ வாசல் வரைக்கும் வா. நான் உனக்குப் பின்னால, ஓரமா நின்னுக்கறேன். பெல்லை நீ அடி. உன்ற மூஞ்சி அதுக்குத் தெரியாது.